பிரஷ் ஓடுது, கலர் ஒட்டலை: கிம்ப் மக்கர் பண்ணினால் எங்கே பார்ப்பது?

படங்களைத் திருத்த உதவும் இலவச மென்பொருளான கிம்ப் பற்றிய புகார்களைக் கேட்டுப் பாருங்கள், திரும்பத் திரும்ப இதே பல்லவிதான். பிரஷை எடுத்துப் படத்தின்மேல் இழுத்தால் ஒன்றும் விழவில்லை. ரப்பரை எடுத்தால் அழிப்பதற்குப் பதிலாக வெள்ளை பூசுகிறது. சிவப்பைத் தேர்ந்தெடுத்தால் சாம்பல் நிறம் வருகிறது. உடனே அன்இன்ஸ்டால், மறுபடி இன்ஸ்டால். அப்புறமும் அதே கதை என்றதும், "ஓசியில் கொடுத்தால் இப்படித்தான்" என்று தீர்ப்பு எழுதி மூடிவிடுவார்கள்.

இதில் பெரும்பாலானவற்றில் மென்பொருளுக்கு ஒரு குறையும் இல்லை. எப்போதோ கை தவறி அழுத்திய ஒரு விசை, கவனிக்காமல் போட்ட ஒரு சொடுக்கு, அதன் விளைவு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. கிம்ப் அதைத் திரையில் காட்டிக்கொண்டும் இருக்கிறது, காட்டுவது ஓரத்தில் பொடி எழுத்தில் என்பதுதான் சிக்கல். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் சன்னலின் உச்சியில் இருக்கும் தலைப்புப் பட்டை. யாரும் படிக்காத இடம் அதுதான். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஆர்ஜிபி கலர் 8-பிட்' என்று தொடங்கி, கலர் ப்ரொஃபைல், எத்தனை லேயர் (படத்தின் அடுக்கு), படத்தின் அகல உயரம் வரை எல்லாம் அங்கே இருக்கும். ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் கலந்த முழு நிறம்) என்ற இடத்தில் 'கிரேஸ்கேல்' என்று இருந்தால், நீங்கள் எந்தச் சிவப்பைத் தொட்டாலும் சாம்பல்தான் விழும். 'இண்டெக்ஸ்டு' என்று இருந்தால் அந்தப் படத்துக்கு அதிகபட்சம் 256 நிறங்கள் கொண்ட ஒரு பட்டியல் மட்டுமே சொந்தம். நீங்கள் கேட்கும் நிறம் பட்டியலில் இல்லையென்றால் கிட்டத்தில் உள்ள ஒன்றை எடுத்துப் பூசிவிடும். இணையத்தில் எடுத்த லோகோக்களிலும் ஜிஃப் படங்களிலும் இது சகஜம். ஃபில்டர்கள் பல மங்கிப்போய்ச் சொடுக்க முடியாமல் கிடப்பதற்கும் இதே காரணம்தான். இமேஜ் > மோட் > ஆர்ஜிபி என்று ஒரு தடவை மாற்றினால் போதும்.

அடுத்தது லேயர் பலகை. எந்த லேயரில் நிற்கிறோம் என்பது தெரியாமல் அரைமணி நேரம் பிரஷ் தேய்ப்பவர்கள் உண்டு. கண் அடையாளம் அணைந்திருக்கிறதா, பூட்டு அடையாளம் விழுந்திருக்கிறதா, ஒபாசிட்டி (லேயரின் அடர்த்தி) பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். லேயருக்கு மாஸ்க் (எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று தீர்மானிக்கும் திரை) போட்டிருந்தால் லேயர் வரிசையில் இரண்டு குட்டிப் படங்கள் இருக்கும். எதைச் சுற்றி வெள்ளைச் சட்டம் தெரிகிறதோ அதில்தான் உங்கள் பிரஷ் வேலை செய்கிறது. படத்தில் பூசுவதாக நினைத்து மாஸ்க்கில் பூசினால் நிறம் வராது, படம் அங்கங்கே ஓட்டை விழுந்ததுபோல் மறையும். பூட்டிய லேயரில் பூச முயன்றால் கீழே ஸ்டேட்டஸ் பட்டையில் காரணமே எழுதி வருகிறது. அதையும் யாரும் படிப்பதில்லை!

லேயர் பெயர் தடித்த எழுத்தில் இருந்தால் அந்த லேயருக்கு ஆல்ஃபா சேனல் இல்லை, அதாவது ஒளி ஊடுருவும் தன்மையைக் குறித்துவைக்க அங்கே இடமே இல்லை என்று பொருள். ஜேபெக் கோப்பை நேராகத் திறந்தால் இப்படித்தான் வரும். இந்த நிலையில் ரப்பரால் தேய்த்தால், 'காலி' என்பதற்கு இடமில்லாததால் பின்னணி நிறத்தை எடுத்துப் பூசுகிறது. ரப்பர் வெள்ளை அடிக்கும் மர்மம் இவ்வளவுதான். லேயர் மேல் வலது சொடுக்குப் போட்டு 'ஆட் ஆல்ஃபா சேனல்' கொடுங்கள், பெயர் மெல்லிய எழுத்துக்கு மாறும், ரப்பரும் ரப்பராக நடந்துகொள்ளும்.

ரப்பர் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. ஆல்ஃபா உள்ள லேயரில் ரப்பர் எதையும் உண்மையில் துடைத்து எறிவதில்லை, மறைக்க மட்டுமே செய்கிறது. நிற மதிப்புகள் அப்படியே அடியில் கிடக்கும். ரப்பர் கருவியிலேயே 'ஆன்டி இரேஸ்' என்றொரு பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்துவிட்டுத் தேய்த்தால் அழித்தது திரும்பி வரும். ஆதார் அட்டைப் படத்தில் எண்ணை ரப்பரால் அழித்துவிட்டு கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகவே அனுப்பினாலோ, பிஎன்ஜி ஏற்றுமதியில் ஊடுருவும் புள்ளிகளின் நிறத்தையும் சேமிக்கச் சொல்லும் பெட்டியில் டிக் இருந்தாலோ, வாங்கியவர் அந்த எண்ணை மீட்டுவிடலாம். மறைக்க வேண்டியதன்மேல் செவ்வகத் தேர்வு போட்டு, கெட்டியான கறுப்பை நிரப்பி, இமேஜ் > ஃப்ளாட்டன் செய்து (எல்லா லேயரையும் ஒன்றாக்கி), ஜேபெக்காக ஏற்றுமதி செய்வதுதான் சரி. ப்ளர் செய்து மறைப்பதை நம்ப வேண்டாம்.

லேயர் சரி, மோட் சரி, இன்னும் பிரஷ் விழவில்லையா? இரண்டு சந்தேகங்கள் மிச்சம்.

ஒன்று, லேயரின் எல்லை. கிம்ப்பில் லேயரும் படமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேறொரு படத்திலிருந்து ஒட்டிய துண்டு அதன் சொந்த அளவிலேயே ஒரு லேயராகும். சுற்றிலும் மஞ்சளும் கறுப்புமாக ஒரு விட்டுவிட்டு ஓடும் கோடு தெரியும், அதுதான் வேலி. வேலிக்கு வெளியே பிரஷ் எவ்வளவு ஓடினாலும் பயன் இல்லை. லேயர் > லேயர் டு இமேஜ் சைஸ் கொடுத்தால் வேலி படத்தின் விளிம்புவரை விரியும். 3.0 பதிப்பில் பிரஷ் விருப்பங்களில் 'எக்ஸ்பாண்ட் லேயர்ஸ்' என்ற பெட்டியை டிக் செய்துவிட்டால் பூசப் பூச லேயரே விரிந்துகொள்ளும்.

இரண்டாவது, எங்கோ ஒரு மூலையில் மறந்துபோன தேர்வு, அதாவது செலக்‌ஷன். தேர்வுக் கருவி கையில் இருக்கும்போது மவுஸ் லேசாக இழுபட்டால் நான்கைந்து பிக்சல் அகலத்தில் ஒரு தேர்வு உருவாகிவிடும். அதன் பிறகு அந்த நான்கு பிக்சலுக்குள் மட்டும்தான் எதுவும் நடக்கும். பெரிய படத்தைச் சுருக்கிப் பார்க்கும்போது தேர்வின் ஓரத்தில் எறும்பு ஊர்வலம்போல் ஓடும் கோடு கண்ணுக்கே தெரியாது. போதாக்குறைக்கு வியூ மெனுவில் 'ஷோ செலக்‌ஷன்' அணைந்திருந்தால் பெரிய தேர்வுகூடத் தெரியாது. ஷிஃப்ட், கண்ட்ரோல், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தேர்வு எல்லாம் கலைந்துவிடும். சந்தேகம் வந்தால் காரணம் தேடும் முன்பே இதை அழுத்திப் பார்த்துவிடலாம், நஷ்டம் இல்லை. கலைத்தது தவறென்றால் கண்ட்ரோல் இசட் இருக்கவே இருக்கிறது.

படம் முழுக்கத் திடீரென இளஞ்சிவப்புத் தாள் போர்த்தியது போலானால் ஷிஃப்ட் க்யூ அழுத்தி 'க்விக் மாஸ்க்' நிலைக்குப் போய்விட்டீர்கள். மறுபடி அதையே அழுத்துங்கள். கருவிப் பெட்டி, லேயர் பலகை எல்லாமே மாயமாகிவிட்டால் டேப் விசை. தனி ஒரு பலகை மட்டும் காணவில்லையென்றால் விண்டோஸ் > ரீசென்ட்லி க்ளோஸ்டு டாக்ஸ்.

விண்ணப்பப் போட்டோ: 413 × 531

நம் ஊரில் கிம்ப்பை முதன்முதலாகத் திறக்க வைப்பது பெரும்பாலும் ஒரு பரீட்சை விண்ணப்பம்தான். 35 × 45 மில்லிமீட்டர் போட்டோ, 20 கேபிக்குக் குறையாமல் 50 கேபிக்கு மிகாமல் என்கிற மாதிரி விதிகள். இங்கே நடக்கும் குழப்பங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) கணக்கில் 35 மில்லிமீட்டர் 413 பிக்சல், 45 மில்லிமீட்டர் 531 பிக்சல். இதைத் தெரிந்துகொண்டவர்கள் செய்யும் முதல் தவறு, க்ராப் கருவியில் 'ஃபிக்ஸ்டு சைஸ்' என்று வைத்து 413 × 531 கொடுப்பது. போனில் எடுத்த படம் 3000, 4000 பிக்சல் அகலம் இருக்கும். அதில் 413 பிக்சல் வெட்டினால் மூக்கு மட்டும்தான் வரும். அங்கே வைக்க வேண்டியது 'ஆஸ்பெக்ட் ரேஷியோ', மதிப்பு 35:45. தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, தோள்வரை வருமாறு இழுத்து வெட்டியபின் இமேஜ் > ஸ்கேல் இமேஜ் போய் அகலம் 413, உயரம் 531, ரெசல்யூஷன் 300 என்று கொடுங்கள். விகிதத்தில் ஒரு பிக்சல் முன்னே பின்னே இருந்தால் அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலி அடையாளத்தைக் கழற்றிவிட்டு எண்ணைத் திருத்தலாம், முகம் கோணாது.

பக்கத்திலேயே 'பிரிண்ட் சைஸ்' என்று ஒரு மெனு இருக்கிறது. அது பிக்சலைத் தொடாது. அச்சிடும்போது ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற குறிப்பை மட்டும் மாற்றும். அங்கே 35 மில்லிமீட்டர் என்று கொடுத்துவிட்டு, "சைஸைக் குறைத்தும் கோப்பு 3 எம்பி இருக்கிறதே" என்று தலையைப் பிய்த்துக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

இனி சேமிப்பது. கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் கிம்ப் எக்ஸ்சிஎஃப் என்ற தன் சொந்த வடிவத்தில் மட்டுமே சேமிக்கும். 2012-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து இப்படித்தான். ஜேபெக், பிஎன்ஜி எல்லாம் 'எக்ஸ்போர்ட்' வழியாக. ஷிஃப்ட், கண்ட்ரோல், இ அழுத்தி, பெயரின் முடிவில் ஜேபிஜி என்று போட்டால் அதற்கான சன்னல் வரும். இந்த மாற்றத்தைத் திட்டாதவர்கள் குறைவு. ஆனால் லேயர்களோடு இருக்கும் மூலத்தை அவசரத்தில் ஜேபெக்கால் மிதித்துவிடாமல் காப்பாற்றுவதும் இதே ஏற்பாடுதான்.

ஏற்றுமதிச் சன்னலில் முன்னோட்டத்தைப் படச் சன்னலில் காட்டும் பெட்டியை டிக் செய்தால், தரத்தை நகர்த்த நகர்த்தக் கோப்பின் அளவு எத்தனை கேபி என்று அங்கேயே தெரியும். குத்துமதிப்பாகப் பத்துத் தடவை சேமித்துப் பார்க்க வேண்டியதில்லை. தரத்தை 30, 40 என்று வதைக்கும் முன் அதே சன்னலில் எக்ஸிஃப், எக்ஸ்எம்பி, தம்ப்நெயில், கலர் ப்ரொஃபைல் என்று, படத்தோடு ஒட்டி வரும் கூடுதல் தகவல்களுக்கு இருக்கும் பெட்டிகளின் டிக்கை எடுத்துவிடுங்கள். 3 எம்பி படத்தில் இவை தூசு. 50 கேபி படத்திலோ இவை தின்னும் இடம் முகத்தின் தெளிவைக் குறைத்துவிடும். போன் படத்தில் இருக்கும் ஜிபிஎஸ் இருப்பிடமும் இதோடு போய்விடும், அது நல்லதற்கே. அளவு 20 கேபிக்குக் கீழே இறங்கிவிட்டாலும் தளம் நிராகரிக்கும். அப்போது தரத்தை ஏற்றினால் போதும்.

கையெழுத்துப் படத்துக்கு வேறு வைத்தியம். வெள்ளைத் தாளில் போட்டதைப் போனில் எடுத்தால் தாள் வெள்ளையாக இருக்காது, சாம்பலும் மஞ்சளுமாக நிழல் விழுந்திருக்கும். கலர்ஸ் > லெவல்ஸ் திறந்து, வெள்ளைப் புள்ளிக்கான சொட்டுக்குழாயை எடுத்து, தாளின் மங்கலான பகுதியில் ஒரு சொடுக்கு. தாள் வெளுத்துவிடும். மையும் சேர்ந்து வெளிறினால் கறுப்புச் சொட்டுக்குழாயால் மைக்கோட்டின்மேல் ஒரு சொடுக்கு. பின்னணி இல்லாத கையெழுத்து வேண்டுமென்றால் இதற்குப் பிறகுதான் கலர்ஸ் > கலர் டு ஆல்ஃபா போய் வெள்ளையை நீக்க வேண்டும். வரிசையை மாற்றி, சாம்பல் தாளில் நேராக அதைச் செய்தால் கையெழுத்தைச் சுற்றி எண்ணெய்த்தாள் ஒட்டியதுபோல் ஒரு படலம் மிஞ்சும்.

அச்சுக் கடைக்கு 4 × 6 அங்குலத் தாளில் எட்டு போட்டோ வேண்டுமா? தாள் 300 பிபிஐ கணக்கில் 1800 × 1200 பிக்சல். பின்னணி நிறத்தை வெள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள். 413 × 531 படத்தில் இமேஜ் > கேன்வாஸ் சைஸ் போய் 443 × 577 கொடுத்து நடுவில் நிறுத்துங்கள், பின் ஃப்ளாட்டன். ஃபில்டர்ஸ் > மேப் > டைல் திறந்து, சங்கிலியைக் கழற்றி, 1772 × 1154 என்று கொடுத்தால் வரிசைக்கு நான்காக இரண்டு வரிசையில் எட்டுப் படமும் வெட்டுவதற்கான வெள்ளை இடைவெளியோடு வந்து உட்காரும். மறுபடி கேன்வாஸ் சைஸ் 1800 × 1200, நடுவில், ஃப்ளாட்டன். கடைக்காரரிடம் 'ஃபிட் டு பேஜ் வேண்டாம், ஒரிஜினல் சைஸ்' என்று சொல்ல மறந்தால் இத்தனை கணக்கும் வீண். தாளுக்குத் தக்கபடி இழுத்துவிட்டால் 35 மில்லிமீட்டர் 35-ஆக இருக்காது.

தமிழ் எழுத்து

கிம்ப் தமிழை ஒழுங்காகவே கோக்கிறது. எழுத்துகளைச் சேர்த்துக் கட்டும் வேலையை பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற இரண்டு நூலகங்கள் பார்த்துக்கொள்கின்றன. கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும் தொல்லை யூனிகோட் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கம்) எழுத்துருக்களில் இல்லை. இருந்தும் "ஃபான்ட் மாற்றினால் எழுத்து மாறவே மாட்டேன் என்கிறது" என்ற புகார் ஓய்வதில்லை. காரணம் எழுத்துருவின் வயது. இலங்கையில் பரவலாகப் புழங்கும் பாமினியும், தமிழ்நாட்டு அச்சகங்கள் இன்னும் விடாத பழைய எழுத்துருக்களும் யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பவை. யூனிகோட் தமிழை ஒட்டிவிட்டு பாமினியைத் தேர்ந்தெடுத்தால், அந்த எழுத்துருவில் தமிழுக்கான இடமே காலி. கட்டம் கட்டமாகக் காட்ட வேண்டாமே என்று பாங்கோ தன்னிடம் உள்ள வேறொரு தமிழ் எழுத்துருவில் அதைக் காட்டிவிடுகிறது. எந்தப் பழைய எழுத்துருவை மாற்றினாலும் அதே முகம்தான் வரும். பாமினிதான் வேண்டும் என்றால் வாசகத்தை ஒரு எழுத்துமாற்றியில் போட்டு பாமினிக் குறியாக்கத்துக்கு மாற்றி ஒட்ட வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கேடமரன், முக்தா மலர் போன்ற இலவச யூனிகோட் எழுத்துருக்களோடு நின்றுகொள்வது நிம்மதி.

எழுத்துரு புதிதாகப் போட்டும் பட்டியலில் வரவில்லையென்றால் ஃபான்ட்ஸ் பலகையில் உள்ள புதுப்பிக்கும் பொத்தானை அழுத்துங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் எழுத்துருக் கோப்பை கிம்ப்பின் சொந்தக் கோப்புறைக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' அறையில் போட்டுவிடலாம். ஆயிரக்கணக்கில் எழுத்துரு குவித்து வைத்திருக்கும் கணினியில் கிம்ப் திறக்கும்போது எழுத்துருக்களைத் தேடுகிற வரியிலேயே நிற்கும். முதல் தடவை பட்டியல் தயாரிக்க நேரம் எடுக்கும், நடுவில் கொன்றுவிட்டால் அடுத்த தடவையும் முதலிலிருந்துதான். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

எழுத்தைப் பெரிதாக்க ஸ்கேல் கருவியைத் தொடாதீர்கள். தொட்ட கணமே அது எழுத்து என்ற நிலையை இழந்து வெறும் பிக்சலாகிவிடும், ஓரங்கள் பிசிறும். அதன் பிறகு திருத்தப் போனால் 'செய்த மாற்றம் போய்விடும், பரவாயில்லையா' என்று கேட்கும். டெக்ஸ்ட் கருவியின் விருப்பங்களில் உள்ள சைஸ் எண்ணைக் கூட்டுவதே வழி. 4000 பிக்சல் படத்தில் 18 பிக்சல் எழுத்து புள்ளியாகத்தான் தெரியும். 200, 300 என்று தைரியமாகக் கொடுங்கள். போஸ்டர் எழுத்துக்கு வெள்ளை ஓரம் கட்டுவது 3.0-இல் அதே விருப்பங்களில் 'அவுட்லைன்' என்று வந்துவிட்டது. பழைய 2.10 பதிப்பில் இருப்பவர்கள் எழுத்து லேயரில் 'ஆல்ஃபா டு செலக்‌ஷன்', பின் செலக்ட் > க்ரோ 6 பிக்சல், பின் எழுத்துக்கு அடியில் ஒரு புது லேயரில் வெள்ளை நிரப்பு என்று சுற்றி வர வேண்டும்.

ஆஃப்செட் அச்சுக்குப் போகும் வேலையாக இருந்தால் எழுத்தை கிம்ப்பில் வைக்காமல் இருப்பதே நல்லது. கிம்ப் அடிப்படையில் ஆர்ஜிபியில் இயங்குவது. 3.0-இல் சாஃப்ட்-ப்ரூஃப் ப்ரொஃபைல் (அச்சில் நிறம் எப்படி வரும் என்ற கணக்கு) கொடுத்து ஜேபெக், டிஃப் கோப்புகளை அச்சின் நான்கு மை முறையான சிஎம்ஒய்கேயாக ஏற்றுமதி செய்ய முடியும் என்றாலும், உங்கள் கறுப்பு எழுத்து நான்கு மையும் கலந்த கறுப்பாக மாறும். அச்சுத் தட்டுகள் இம்மி நகர்ந்தாலும் எழுத்தோரத்தில் நிற நிழல் தட்டும். போட்டோவை கிம்ப்பில் திருத்தி, எழுத்தைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்க்ரைபஸில் வைத்தால் கறுப்பு மை ஒன்றிலேயே அச்சாகும்.

கணினி மூச்சு வாங்கினால்

6000 × 4000 பிக்சல் படத்தின் ஒரு லேயர் 8-பிட் நிறத் துல்லியத்தில் ஏறத்தாழ 96 எம்பி. அதையே 32-பிட்டுக்கு மாற்றினால் 384 எம்பி. ஐந்து லேயர், கொஞ்சம் அன்டூ என்று போனால் 4 ஜிபி ரேம் எங்கே போயிற்று என்று தெரியும். தேவையில்லாமல் 16, 32-பிட் வைக்க வேண்டாம், எடிட் > ப்ரிஃபரன்சஸ் > சிஸ்டம் ரிசோர்சஸ் போய் டைல் கேஷ் (கிம்ப் ரேமில் எடுத்துக்கொள்ளும் இடம்) அளவை மொத்த ரேமில் பாதிக்கு மேல், முக்கால்வாசிக்குள் வையுங்கள். ரேம் முழுவதையும் தூக்கிக் கொடுத்தால் பிரௌசரும் கிம்ப்பும் அடித்துக்கொண்டு இரண்டுமே தவழும்.

பதிப்பைப் பார்த்துவிட்டு வீடியோவைப் பாருங்கள்

1995-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கிய வேலை இது. இதற்காக அவர்கள் எழுதிய ஜிடிகே என்ற சன்னல் கருவித்தொகுப்பின்மேல்தான் பின்னாளில் லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பே எழும்பியது. இத்தனை வயதான மென்பொருளுக்குப் பாடங்களும் அடுக்கடுக்காக இருக்கின்றன, அதுதான் தொல்லை. யூடியூபில் பார்த்த பாடம் 2018-இன் 2.10-க்கு உரியதாக இருக்கும், உங்களிடம் இருப்பது மார்ச் 2025-இல் வந்த 3.0 ஆக இருக்கும். பழையதில் ஒட்டினால் 'ஃப்ளோட்டிங் செலக்‌ஷன்' வரும், அதை நங்கூரமிடவோ லேயராக்கவோ வேண்டும். புதியதில் ஒட்டியதுமே லேயர். பழையதில் ஃபில்டர் போட்டால் பிக்சலோடு கரைந்துவிடும். புதியதில் லேயருக்குப் பக்கத்தில் ஒரு எஃப்எக்ஸ் அடையாளமாக நிற்கும், பிறகு திறந்து திருத்தலாம், நீக்கலாம். 3.0-இல் இந்த வசதிகளோடு சேமித்த எக்ஸ்சிஎஃப் கோப்பை 2.10 திறக்க மறுக்கும். நண்பருக்கு அனுப்பும் முன் அவரிடம் எது இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய அடி ப்ளக்-இன்களுக்கு, அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரல்களுக்கு. 2.10-க்கு பைத்தான் நிரல்மொழியில் எழுதிய ப்ளக்-இன்கள் பைத்தான் 2 காலத்தவை. 3.0 பைத்தான் 3-க்கு மாறிவிட்டதால் அவை வேலை செய்யாது, எழுதியவர் புதுப்பித்துத் தர வேண்டும். புதுப்பித்ததையே இறக்கியும் மெனுவில் வரவில்லையென்றால், கோப்பை ப்ளக்-இன்ஸ் கோப்புறையில் தனியாகப் போட்டிருப்பீர்கள். 3.0-இல் ஒவ்வொரு ப்ளக்-இன்னும் அதன் பெயரையே கொண்ட துணைக்கோப்புறைக்குள் இருந்தாக வேண்டும். லினக்ஸில் அந்தக் கோப்புக்கு இயக்கும் அனுமதியும் கொடுக்க வேண்டும்.

எல்லாம் பார்த்தும் கிம்ப் திறக்கும்போதே விழுகிறது என்றால், அப்போதும் அன்இன்ஸ்டால் வேண்டாம். உங்கள் அமைப்புகள் மென்பொருளோடு இல்லை, தனிக் கோப்புறையில் இருக்கின்றன. மென்பொருளை நீக்கினாலும் அது அப்படியே கிடக்கும், மறுபடி நிறுவியதும் பழைய நோயோடு திரும்பும். விண்டோஸில் பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா > ரோமிங் > கிம்ப், லினக்ஸில் வீட்டுக் கோப்புறையின் மறைந்த கான்ஃபிக் அறையில் கிம்ப். அதற்குள் 3.0 அல்லது 2.10 என்று பதிப்பு எண்ணில் இருப்பதன் பெயரை மட்டும் மாற்றி வைத்துவிட்டு கிம்ப்பைத் திறங்கள். புது மாப்பிள்ளைபோல் சுத்தமாக எழுந்து வரும். பிறகு பழைய கோப்புறையிலிருந்து உங்கள் பிரஷ்கள், எழுத்துருக்கள், பேலட்டுகளை மட்டும் எடுத்து உள்ளே போடுங்கள். ப்ளக்-இன்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் மூடித் திறந்து பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, குற்றவாளி அதுதான்.